பிரியவதனிக்கு அடித்த காற்று

சுருவில் ஊர்ப் பிரியவதனிக்கு 2015ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து எதிர்க்காற்று மட்டும்தான் அடித்தது. காலையில் யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் போகும்போது முகத்தில் அடித்த காற்று, பின்னேரம் அதே வீதியால் திரும்பி வரும்போதும் முகத்தில்தான் அடித்தது. தீவுப்பகுதி ஆட்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சோழகம் வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்த மாதங்களில் பட்டணம் போகிறவனை முதுகில் பிடித்துத் தள்ளிவிடும், வீடு திரும்புகிறவனை மறித்துக்கொண்டு நிற்கும். மாரியில் வடகிழக்கு வாடை பிறந்தால் எல்லாம் மறுவளமாகும். ஒரு வழி கஷ்டப்பட்டால் மற்ற வழி சும்மா குந்திக்கொண்டு வரலாம் என்பது பண்ணையில் கடலுக்குக் குறுக்கே பாலம் போட்ட நாளிலிருந்து எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு. பிரியவதனிக்கு மட்டும் அந்த ஏற்பாடு இல்லாமல் போனது. முதல் கிழமை அவள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் கிழமை சைக்கிளில் ஏதோ பிழை என்று நினைத்து பிறேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தாள். மூன்றாம் கிழமை பாலத்தின் நடுவில் இறங்கி, சைக்கிளை ஒருதரம் பட்டணத்துப் பக்கமும் ஒருதரம் தீவுப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் திரும்பின பக்கமெல்லாம் காற்றும் சுற்றி வந்து முன்னால் நின்றது. வேலைக்கு நேரமாகிவிட்டதால் ஏறி மிதித்துக்கொண்டு போனாள்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்துநான்கு. பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். தகப்பன் தியாகலிங்கம் பதுளையில் புடைவைக்கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தபின் ஒரு சூட்கேசோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் சுருவிலுக்குத் திரும்பினார். தாய் பத்து வருடத்துக்கு முன்பே இறந்துபோனாள். தம்பி வசீகரன் சுவிஸில். அவன்தான் அந்தச் சைக்கிளை அனுப்பினான். மட்காட் இல்லை, கரியர் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, பெல்கூட இல்லை. ஹாண்டில் கடாவின் கொம்பு மாதிரிக் கீழே வளைந்திருந்தது. பெட்டியைப் பிரித்து எடுத்ததும் தியாகலிங்கம் ஒரு கையால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்கை?" என்று கேட்டார். மிச்சம் இல்லை, இவ்வளவுதான் என்று சொன்னபோது, கடைக்காரன் மகனை ஏமாற்றிவிட்டான் என்றே அவர் முடிவுகட்டினார்.

அவளுக்கோ அன்றிலிருந்து சைக்கிள் விசர் பிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பாள். ரயருக்கு எவ்வளவு காற்று என்பதைப் பம்பில் உள்ள முள்ளைப் பார்த்து அடிப்பாள். வெயில் கூடினால் கொஞ்சம் குறைப்பாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோரில் மற்றவர்கள் சீரியல் கதை கதைக்க, அவள் போனில் எங்கோ ஒரு நாட்டு மலைவீதியில் நூறுபேர் சைக்கிளில் ஏறுகிறதைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைவாள். இறுக்கமான கறுப்புக் காற்சட்டைக்கு மேலே முழங்கால்வரை தொங்கும் சேட்டைப் போட்டுக்கொண்டு அவள் போவதைப் பார்த்து, முதல் ஆறு மாதம் வழியிலுள்ள வேலணைச் சனம் கதைத்தது. ஏழாம் மாதம் வேலணைக்கு வேறு கதை கிடைத்தது. சுருவிலிலிருந்து பட்டணம் இருபத்தொரு கிலோமீற்றர். அதை ஐம்பது நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்பதுதான் அவள் ஆசையாக இருந்தது. காற்று வந்த பிறகு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது, சோழக மாதங்களில் ஒன்றரை.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் பஸ்ஸிலும் போய்ப் பார்த்தாள். அவள் ஏறினதும் காற்று பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. பஸ் மண்கும்பான்வரை இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் சாரதி மரியாதையாக, "தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ, இஞ்சின் பழசு" என்று சொன்னார். அவள் குறை நினைக்கவில்லை. அடுத்த வருடம் காற்று அளக்கிற உத்தியோகத்தர் ஒருவர் கருவியோடு வந்து பாலத்தில் நின்றார். தென்மேற்கிலிருந்து மணிக்கு இருபத்தெட்டு கிலோமீற்றர் என்று காட்டிய முள், பட்டணம் நோக்கி அவள் அருகால் போகும்போது வடகிழக்குக்குத் திரும்பி அதே இருபத்தெட்டைக் காட்டி, அவள் கடந்து போனதும் பழைய இடத்துக்கு வந்தது. அவர் அதை மூன்றுதரம் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு காற்றைப் பற்றி விசாரிக்க யாரும் வரவில்லை.

காற்றால் பயன் உண்டு என்று கண்டுபிடித்தவர் மண்கும்பான் வாகீசன். வங்கியில் வேலை, கையில் நல்ல மணிக்கூடு, எதையும் ஒழுங்குபடுத்தாவிட்டால் நித்திரை வராத மனிதர். ஞாயிறு விடிய அல்லைப்பிட்டிச் சந்தியிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைவரை ஓடிவிட்டு வருவதற்கு ஐந்துபேரைச் சேர்த்து ஒரு சைக்கிள் கழகம் தொடங்கியிருந்தார். வெளிநாட்டு ஓட்டக்காரர்களின் முறையை அவர் வீடியோவில் பார்த்துப் படித்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் பின்னால் ஒருவராக, சில்லோடு சில்லு முட்டுகிற மாதிரி ஓடவேண்டும். முன்னால் போகிறவர்தான் காற்றை உடைக்கிறார்; பின்னால் வருகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு களைப்புக் குறையும். ஐந்து நிமிடம் முன்னால் ஓடினவர் வலது முழங்கையை ஒருதரம் ஆட்டினால், அடுத்தவர் முன்னால் வந்து காற்றைத் தன் தலையில் வாங்கவேண்டும். எல்லாருக்கும் முறை வரும். பிரியவதனிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துக்கொண்டது. அதற்காகவே அவள் கழகத்தில் சேர்ந்தாள்.

அவளுடைய முறை வந்த முதல் ஞாயிறு, புங்குடுதீவுப் பாலத்தில் அவள் முன்னால் போனதும், பின்னால் வந்த ஆறுபேருக்கும் காற்று அடியோடு நின்றுவிட்டது. மூன்றில் ஒரு பங்கு இல்லை, முழுக்க. இரண்டு பக்கமும் கடல் நுரைத்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்தினால் அடிவரை எரிந்து முடியும். வாகீசன் கொளுத்திப் பார்த்தார். ஐந்து நிமிடம் முடிய அவள் முழங்கையை ஆட்டினாள். யாரும் வரவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி ஆட்டினாள். குறிகட்டுவானில் இறங்கினபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, மற்றவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழும்பி வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் கழக விதி திருத்தப்பட்டது. ஆறுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில், முன்னால் ஓடும் பொறுப்பு பிரியவதனிக்கே நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டது. "நீர்தான் எங்கட பலம்" என்று வாகீசன் அவளிடம் சொன்னார். வருட முடிவில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் பொன்னாடை போர்த்தி, சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்றும் வாசித்துக் கொடுத்தார்கள். அதில் காற்றைக் கிழிக்கும் காரிகை என்று இருந்தது. எங்களுக்கு ஒருவரின் பாரத்தில் கைவைப்பதை விட அவருக்குப் பொன்னாடை போர்த்துவது எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது.

அவள் முழங்கையை ஆட்டுவதை மட்டும் விடவில்லை. கந்தோருக்குப் போகும்போது பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த மீன்காரருக்கும் ரியூசன் பிள்ளைகளுக்கும் ஆட்டினாள். அது கும்பிடு மாதிரி ஒன்று என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். 2018 அளவில் வேலணையிலிருந்து ஊர்காவற்றுறைவரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியில் சந்தித்தால் வலது முழங்கையை ஒருதரம் ஆட்டிவிட்டுப் போனார்கள். ஊர்காவற்றுறையில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையைக்கூட அப்படித்தான் வரவேற்றார்கள். அதற்கு அர்த்தம் 'எனக்கு ஏலாது, நீ முன்னுக்கு வா' என்பது கழகத்து ஆறுபேருக்கும் தெரியும். அந்த ஆறுபேரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிள்களெல்லாம் வீட்டுக்குள் சாய்ந்து கிடக்க, அலுமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிள்களுக்குப் புது ரியூப் தேடித் தீவே அலைந்தது. சோழகம் வேறு அந்த வருடம் மூர்க்கமாக அடித்தது. ஆனி மாதம் இருபதாம் திகதி, பிரியவதனிக்குப் பின்னால் பாலத்தில் முந்நூற்றுநாற்பது சைக்கிள் போனதாகப் பண்ணைக் காவலரணில் நின்றவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஆசிரியர்மார், தாதிமார், சம்பளக்காரர், முட்டைப் பெட்டி கட்டினவர்கள், ஒரு வாத்தியக் குழு தவில் நாதசுரத்தோடு. வாகீசன் விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்தினார். வேலணையில் அவள் ஆறு ஐம்பதுக்குக் கடந்து போவாள் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடைசிச் சைக்கிள்வரைக்கும் காற்று இல்லை. வரிசை நடுவில் ஒருவர் பேப்பரை விரித்து ஹாண்டிலில் வைத்து வாசித்துக்கொண்டு ஓடினார், ஒரு தாள்கூடப் பறக்கவில்லை. அவள் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் பட்டணத்தில் மூன்று பள்ளிக்கூடங்களில் வரவு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் விடிய அவள் வீட்டுப் படலையில் முட்டை, நல்லெண்ணெய், ஒடியல் மா, முருங்கைக்காய் எல்லாம் தொங்கின. காய்ச்சல் முழுதும் விடாமலே அவள் எழும்பிப் போனாள். இதை எழுதுகிறவனும் அந்த வரிசையில் போனவன்தான், தொண்ணூறாவது ஆளாகவோ நூறாவது ஆளாகவோ. அவள் முதுகு அந்தத் தூரத்தில் தெரியாது.

அவளுக்கு ஒரேயொரு ஆசை மிச்சமிருந்தது. பாலத்தால் போகும்போது ஒருதரம் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற வீதியில் ஏழு வருடம் ஓடியவள் முன்சில்லைத் தவிர வேறொன்றையும் கண்டதில்லை; தலையை நிமிர்த்தினால் காற்று அவளைச் சைக்கிளோடு நிறுத்திவிடும். இறங்கி நின்று பார்க்கவும் நேரமில்லை. தியாகலிங்கத்துக்குச் சீனி வருத்தம், பின்னேரம் ஆறு மணிக்கு ஊசி போடவேண்டும். அவருக்குக் கை நடுங்கும், மகளைத் தவிர வேறொருவருக்கும் கையை நீட்டமாட்டார். கந்தோர் விடுவது நாலேகால். ஆறுக்கு அவள் படலையைத் திறக்கும்போது அவர் கதிரையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருப்பார்.

அடுத்த வருடம் ஆவணியில் வசீகரன் லீவில் வந்தான். தன்னுடைய சைக்கிளையும் கொண்டுவந்தான். அவள் எல்லாவற்றையும் அவனுக்கு எழுதியிருந்தாள். "நான் முன்னுக்கு ஓடுறன் அக்கா, நீ சும்மா பின்னுக்கு வா" என்று சொன்னான். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் அன்றிரவே இரண்டு சைக்கிளின் ரயருக்கும் முள்ளைப் பார்த்துக் காற்று அடித்துவைத்தாள். மறுநாள் காலை இருவரும் குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்டார்கள். தம்பி முன்னால், அக்கா பின்னால். காற்று தம்பியைத் தொடவில்லை. அவனுடைய இரண்டு பக்கத்தாலும் பிரிந்து வந்து, பின்னால் ஒன்றுசேர்ந்து அவளை அடித்தது. பத்து நிமிடத்தில் அவன் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டான். இறங்குதுறையில் அவன் இளநி குடித்து முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு அவள் வந்து சேர்ந்தாள். "என்னக்கா, காத்தே இல்லையே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் காற்று இல்லைத்தான். அக்காவுக்கு வயது போகிறது, உடம்பைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லி, சுவிஸுக்குப் போனபிறகு சத்துமா இரண்டு ரின் அனுப்பினான். அவனிடம் அதற்குப் பிறகு அவள் காற்றைப் பற்றி எழுதவில்லை.

இருபத்துநாலாம் ஆண்டு மாசியில் அவள் வேலணைக்கு மாற்றம் கேட்டு எழுதினாள். முழங்காலில் நோ தொடங்கியிருந்தது. சனிக்கிழமைகளில் செயின் கழுவுவது நின்று, சைக்கிள் ஊத்தையோடு சுவரில் சாய்ந்து கிடந்தது. மத்தியானத்தில் போனில் மலைவீதிகளைப் பார்ப்பதும் நின்றிருந்தது. காற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சைக்கிளை வெறுத்துவிடுவேனோ என்றுதான் பயமாயிருக்கிறது என்று அவள் கந்தோரில் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். வேலணை என்றால் ஏழு கிலோமீற்றர்தான். மாற்றம் கிடைத்தது. கடிதம் கைக்கு வந்து மூன்றாம் நாள், பொதுமக்களின் நன்மை கருதி அதை இரத்துச் செய்யவேண்டும் என்று ஒரு மனு மேலிடத்துக்குப் போனது. வாகீசன் எழுதியது. நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. பெற்றோல் திரும்பி வந்திருந்தாலும் விலை போன போக்கில் பாதிப்பேர் இன்னும் சைக்கிளில்தான் போனார்கள். நானூற்றுப்பன்னிரண்டு கையெழுத்து. நூற்றெண்பத்தெட்டாவது கையெழுத்து இதை எழுதுகிறவனுடையது. அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. மாற்றம் இரத்தானது. அந்தப் பங்குனியில் மறுபடியும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். முன்பு போர்த்தினவற்றோடு சேர்த்து அது பதினோராவது. தியாகலிங்கம் அவற்றைக் கதிரைகளுக்கு உறையாகப் போட்டுவைத்தார்.

யோகம்மா அந்த வருடக் கடைசியில்தான் வந்து சேர்ந்தாள். வங்களாவடிச் சந்தியிலிருந்து புங்குடுதீவு வீதியில் கொஞ்சத்தூரம் போனால் அவள் வீடு. ஐம்பத்திரண்டு வயது. இத்தனை வருடமும் கிளிநொச்சியில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, மருமகளோடு கோபித்துக்கொண்டு வந்தவள். பட்டணத்தில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. முன்கூடை கட்டின பழைய லேடீஸ் சைக்கிள். சீற் கிறீச்சிடும், அதைவிடக் கூட யோகம்மா கதைப்பாள். அவளுக்கு இந்தக் காற்று விஷயம் ஒன்றும் தெரியாது. முதல் நாள் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவள், முன்னால் போன தாதியோடு கதைக்கப் பார்த்தாள். தாதி காதில் எதையோ செருகியிருந்தாள். அதற்கு முன்னால் ஒரு கணக்காளர், அவர் திரும்பியே பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் பெண்கள் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவராக ஓடுவது வழக்கமில்லை. இரண்டுபேர் சேர்ந்தால் ஹாண்டிலோடு ஹாண்டில் வைத்து, வீதியை அடைத்துக்கொண்டு, கதைத்துக்கொண்டுதான் போவார்கள். பின்னால் லொறி கோண் அடித்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மெதுவாக ஒதுங்குவார்கள். யோகம்மா ஆள் தேடிக்கொண்டு வரிசை முழுவதையும் கடந்து முன்னால் வந்து, பிரியவதனிக்குப் பக்கத்தில் தன் சைக்கிளை விட்டாள்.

பின்னால் இருந்து வாகீசன் விசில் ஊதினார். "அக்கா, பின்னுக்கு வாங்கோ, அங்க காத்தடிக்கும்!"

"அடிக்கட்டும்" என்றாள் யோகம்மா. "பின்னுக்கு நிண்டு ஆரின்ர முதுகோட கதைக்கிறது?"

காற்று அடித்தது. யோகம்மாவின் சீலைத் தலைப்பு பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது, கூடையில் இருந்த பாண் பை விழுந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. மருமகள் குழம்புக்குத் தேங்காய்ப்பால் விடுகிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றை மிஞ்சவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பிரியவதனிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. விடியற்காலையில் இந்தக் கரைச்சல் வேறா என்று நினைத்தாள். மண்கும்பான் தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி, பாலத்தில் ஏறின பிறகுதான் தன் தொடைகள் இரண்டும் எரியாமல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. காற்று இருந்தது, பாதிதான் இருந்தது. மற்றப் பாதி யோகம்மாவின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிரியவதனி பயந்து பயந்து தலையை நிமிர்த்தினாள். சைக்கிள் நிற்கவில்லை. இடது பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நின்றன, நூறுக்குமேல் இருக்கும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு மாரிக்கும் அவை அங்கே வந்து நின்றிருக்கின்றன, எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவள் பாலம் முடியுமட்டும் அழுதுகொண்டு போனாள். யோகம்மா மருமகளின் கொடுமையைக் கேட்டுத்தான் இந்தப் பிள்ளை அழுகிறது என்று எடுத்துக்கொண்டு, இன்னும் விபரமாகச் சொன்னாள்.

பின்னால் வந்தவர்களுக்கு இதனால் நட்டம். அவர்களுடைய அமைதியும் பாதியாகிவிட்டது. தொப்பிகள் பறந்தன, பேப்பர் வாசிக்க முடியவில்லை. வாகீசன் மூன்றாம் நாள் பண்ணையில் யோகம்மாவை மறித்து, இரண்டுபேர் பக்கம் பக்கமாக ஓடுவது வீதிச் சட்டத்துக்குப் பிழை என்று விளங்கப்படுத்தினார். "அப்பிடியோ தம்பி? அப்ப நான் பின்னுக்குப் போறன், நீர் வந்து இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில ஓடும். ஒராள்தானே ஓடவேணும் எண்டால் இவ்வளவு நாளும் நீர் எங்க நிண்டனீர்?" என்று யோகம்மா கேட்டாள். வாகீசன் மணிக்கூட்டைப் பார்த்தார். அதன்பிறகு அவர் விசில் ஊதவில்லை. ஒரு நாள் யோகம்மா வராதபோது இதை எழுதுகிறவன் போய்ப் பிரியவதனிக்குப் பக்கத்தில் ஓடிப் பார்த்தான். நூறு மீற்றர் போயிருப்பான். மூக்கால் தண்ணீர் ஓடியது, நெஞ்சு அடைத்தது. அவள் அவனைப் பார்த்து, "பரவாயில்லை, நீங்கள் பின்னுக்குப் போங்கோ" என்றாள். அவன் போய்விட்டான்.

யோகம்மா பலசாலி என்று யாரும் நினைக்கவேண்டாம். அவளுக்கு ஆஸ்துமா இருந்தது. கதைத்துக்கொண்டிருந்தால் களை தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அவளோடு ஓடுவது வங்களாவடிச் சந்திவரைக்கும்தான். பின்னேரம் அந்தச் சந்தியில் அவள் இடதுபக்கம் திரும்பி, "போட்டு வாறன் பிள்ளை" என்று சொன்ன அடுத்த நிமிடம், முழுக் காற்றும் வந்து பிரியவதனியின் மேல் விழும். அங்கிருந்து சுருவில்வரை ஏழு கிலோமீற்றர். முன்பு இருபத்தொரு கிலோமீற்றரும் ஒரே கஷ்டமாக இருந்ததால் அந்த ஏழு தனியாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. சந்தி கண்ணில் படும்போதே தலையைக் குனிந்து, ஹாண்டிலின் கொம்பைக் கீழே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தயாராவாள். யோகம்மாவிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வயதில் மூத்த, ஆஸ்துமாக்காரியிடம் இன்னும் ஏழு கிலோமீற்றர் வாங்கோ என்று எப்படிக் கேட்பது? முழங்கையை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் அப்படியே போனது.

இருபத்தைந்தாம் ஆண்டு ஆனியில் ஒரு பின்னேரம், சோழகம் பனைகளை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தது. யோகம்மாவின் மருமகள் முதல்தரமாகப் போன் எடுத்து, மாமி வாங்கோ என்று கூப்பிட்டிருந்தாளாம். அவள் என்ன சொன்னாள், இவள் என்ன சொன்னாள், அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை யோகம்மா பண்ணையில் தொடங்கியிருந்தாள். சந்தி வந்தது. பிரியவதனி வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். காற்று விழவில்லை. சந்தி பின்னால் போனது, பெற்றோல் நிலையமும் பின்னால் போனது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். யோகம்மா பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கட சந்தி போட்டுது."

"போனால் போகுது. நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை. அவள் மாமி எண்டு கூப்பிட்டவள் எண்டு சொன்னனான், அதுக்கு நான் என்ன சொன்னனான் தெரியுமோ?"

சரவணையில் ஆடுகள் வீதியைக் கடக்கும்வரை இருவரும் கால் ஊன்றி நின்றார்கள், அப்போதும் யோகம்மா சொல்லிக்கொண்டுதான் நின்றாள். நாரந்தனைக்குப் பிறகு அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு எடுத்துச் சொன்னாள். நிற்போம் என்று பிரியவதனி சொன்னதற்கு, நின்றால் மறந்துவிடும் என்றாள். சுருவிலில் படலைவரைக்கும் வந்தாள். கிளிநொச்சிக்குப் போகப் போகிறாளா இல்லையா என்பது அப்போதும் முடிவாகவில்லை. ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சம் நாளைக்கு என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளுக்கு முதுகுக் காற்று, பெடலை மிதிக்கவே தேவையிருக்கவில்லை.

தியாகலிங்கம் கதிரையில் இருந்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தரைகூட ஆகவில்லை. சட்டைக் கையை இன்னும் மடித்துவிட்டிருக்கவில்லை.

"வெள்ளன வந்திட்டாய். இண்டைக்குக் காத்து இல்லையோ?"

"காத்து இருந்தது அப்பா" என்றாள் பிரியவதனி. "பக்கத்தில ஆள் இருந்தது."

அவர் தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார். ஊசிக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு சைக்கிளடிக்குப் போனாள்.